நூற்று நாற்பத்து நான்கு ஹெர்ட்ஸ் கண்கள்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு மேனேஜரின் கண்களுக்குப் பரீட்சை. ஜன்னல் திரைகள் இழுத்துவிடப்பட்டன. சமையலறையில் மிக்ஸிக்குத் தடை விதிக்கப்பட்டது.

டாக்டர் யாரும் வரவில்லை. வீட்டுக்கு வந்திருக்கும் புது லேப்டாப் யாருக்கு என்பதுதான் வழக்கு.

மேனேஜரின் மனைவி குழந்தைகளுக்கான கார்ட்டூன் படம் செய்கிறவள். பழைய லேப்டாப்பில் ஒரு முயலைக் குதிக்கவிட்டால், அது தரையிறங்குவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். புதன்கிழமைக்குள் படத்தை முடிக்காவிட்டால் வேலை வேறொருத்திக்குப் போய்விடும்.

மேனேஜர் வீட்டில் பார்ப்பது ஆபீஸ் மெயில் மட்டும்.

"மெயில் பார்க்க எதுக்கு அத்தான் புதுசு?" என்றாள் மனைவியின் தங்கை.

"ஹெர்ட்ஸ்னா என்னன்னு தெரியுமா உனக்கு? ஸ்கிரீன் ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை புதுசாகுதுங்கற கணக்கு. பழசுல அறுபதுதான். இதுல நூத்து நாப்பத்து நாலு வரைக்கும் ஏத்தலாம். அறுபதுல பார்த்தா எனக்குக் கண்ணு எரியும். சாதாரணக் கண்ணுக்கு இதெல்லாம் புரியாது."

"அப்ப அக்கா கண்ணு?"

"பழசும் இதே கம்பெனி, இதே சாம்பல் கலர். உங்க அக்காவுக்கு என்ன குறைச்சல்?"

மனைவி சண்டைக்குப் போகவில்லை. தோற்கிற மாதிரி தெரிந்தால் மேனேஜர் ஆட்டத்தின் விதியையே மாற்றிவிடுவார் என்பது பதினாறு வருட அனுபவம். "அறுபதையும் நூத்து நாப்பத்து நாலையும் மூணு தடவை மாத்தி மாத்தி வைக்கிறேன். மூணும் சரியாச் சொல்லிட்டா நீங்களே வெச்சுக்குங்க," என்றாள்.

உள்ளறையிலிருந்து லேப்டாப் வந்தது. மேனேஜர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். மனைவி செட்டிங்ஸைத் திறந்து ஏதோ தட்டினாள்.

"திரும்பலாம்."

நீளமான கட்டுரை ஒன்றை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். முகம் கோணியது. "அறுபது! குண்டும் குழியுமா இருக்கற ரோட்டுல சைக்கிள் ஓட்டற மாதிரி இருக்கு."

"சரி," என்றாள் மனைவி.

இரண்டாவது முறை ஓட்டியபோது லேப்டாப்பின் விசிறி உறுமியது. மேனேஜர் முகம் மலர்ந்தது. "நூத்து நாப்பத்து நாலு! வெண்ணெய் மாதிரி வழுக்குது. சத்தத்தைக் கேட்டியா? வேகம்னா சும்மாவா!"

"இதுவும் சரி."

மூன்றாவது முறை ஒரே ஒரு பார்வைதான். "மறுபடியும் நூத்து நாப்பத்து நாலு. யார்கிட்ட?"

"அதுவும் சரிங்க." மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

மேனேஜர் லேப்டாப்பை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "கண்ணுங்கறது பிறவியிலேயே வரணும்மா," என்று மச்சினிக்கு ஆறுதலும் சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தங்கைக்குப் பொறுக்கவில்லை. "என்னக்கா, இப்படித் தாரை வார்த்துட்டே? புதன்கிழமைக்குள்ள படத்தை எதுல முடிப்பே?"

"புதுசுலதான்."

"அதைத்தான் அத்தான் கொண்டுபோயிட்டாரே!"

"அவர் கொண்டுபோனது பழசுடி."