நொடிக்கு நானூற்றுப் பன்னிரண்டு ஜோடி

'டிக்' என்று ஒரு சத்தம். கிறிஸ்டலில் தூசி படிந்திருக்கிறதே என்று ஆய்வு மாணவன் சட்டை நுனியால் துடைத்தான், அக்கறையாம்! சுண்டுவிரல் நகமளவு கிறிஸ்டல் மூன்று துண்டாக மேசைமேல் கிடந்தது.

லேசர் ஒளி அதற்குள் புகுந்து சிதறும்போது, ஓர் ஒளித்துகள் இரண்டாகப் பிரிந்து இரட்டைப் பிள்ளைகளாக வெளியே வரும். இரு பக்கமும் இருக்கும் டிடெக்டர்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்தால், அது ஒரு ஜோடி. இரண்டு வருடமாக ஜோடி எண்ணியே ஆய்வேடு எழுதி முடித்திருந்தான். வீட்டில் அம்மா அவனை இப்போதே 'டாக்டர்' என்றுதான் சாப்பிடக் கூப்பிடுகிறாள்.

கிறிஸ்டலின் சாய்வு அரை டிகிரி பிசகினாலும் ஜோடி வராது என்கிறது புத்தகம். மற்ற லேப்களில் அரை நாள் மல்லுக்கட்டுவார்கள். இவனுக்கோ சேர்ந்த முதல் நாளிலிருந்தே ஒரே திருகலில் வந்துவிடும். கைராசி என்று தானே சொல்லிக்கொள்வான். வேறு யாரும் சொல்லவில்லை, பாவம்.

பதினொரு மணிக்குக் கடைசி ரீடிங்கைப் பார்க்கப் பேராசிரியர் வருகிறார். மேசையில் சிரித்துக்கொண்டிருந்த குடும்பப் போட்டோவின் கண்ணாடியை உடைத்து, ஒரு சில்லைக் கிறிஸ்டல் இருந்த இடத்தில் செருகினான். திரையில் பூஜ்யம் வரும், மானம் போகும் என்று கண்ணை மூடிக்கொண்டான்.

"நொடிக்கு நானூத்திப் பன்னெண்டு! எப்பவும்போலவே வருதே, சபாஷ்!" பேராசிரியர் முதுகில் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. வெறும் கண்ணாடியில் இரட்டை ஒளி! உலகப் பரிசு வாங்கும் மேடைக்கு எந்தச் சட்டை பொருத்தம் என்பதுவரை முடிவுசெய்துவிட்டு, லேப் சீனியரிடம் ஓடினான்.

"அக்கா, கிறிஸ்டலை உடைச்சுட்டேன். ஆனா போட்டோக் கண்ணாடியே ஜோடி குடுக்குதுக்கா!"

அக்கா கதவைச் சாத்தினாள். "கண்ணாடி ஒரு மண்ணும் குடுக்காதுடா. டிடெக்டர் மூடி ஒழுங்கா மூடாது. ரூம் வெளிச்சம் கசியுது, அதைத்தான் ஜோடின்னு எண்ணிட்டிருக்கு."

பரிசு போயிற்று, மேடை போயிற்று. மிச்சத்தையாவது காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தான்.

"போகட்டும்க்கா. ரெண்டு வருஷ ரீடிங்கும் நிஜக் கிறிஸ்டல்ல எடுத்ததுதானே? எனக்கு அது போதும்."

அக்கா அவன் தோளில் கை வைத்தாள்.

"இன்னிக்கு நீ உடைச்சதே, நீ சேர்றதுக்கு முன்னாடி நான் வெச்ச கண்ணாடிதான்டா."