கொட்டகையில் நின்ற ஜாவா

அகரத்துக்குப் பெண் பார்க்கப் போன பழனிக்குமாரின் கண்ணில் முதலில் பட்டது, கொட்டகையில் நின்ற எழுபத்திரண்டாம் வருட ஜாவா பைக்தான். தன் வீட்டு ஷெட்டில் நான்கு பழைய பைக்குகள் வைத்திருப்பவன், புதுச்சட்டையோடு அதனடியில் படுத்துவிட்டான்.

"ஏலே, பொண்ணப் பாருடா!" அம்மா கெஞ்சினாள்.

"சைலன்சர்கூட ஒரிஜினல்ம்மா! எனக்குச் சம்மதம், தட்ட மாத்துங்க."

ஆறு பெண்களைத் தட்டிக் கழித்தவன் அவன். மனம் மாறுவதற்குள் அம்மா தட்டை மாற்றிவிட்டாள்.

கிளம்பும்போது, வண்டியைவிட்டுக் கண்ணெடுக்காமல் மணப்பெண் புவனேஸ்வரியிடம் கேட்டான்.

"இத எப்ப ஓட்டிப் பாக்கலாம்?"

"அது பக்கத்து வீட்டு அண்ணன் வண்டிங்க. நாந்தான் காலையில இரவல் வாங்கி நிறுத்துனேன்."

"எதுக்கு?"

"போட்டோவுலயே உங்களப் பிடிச்சுப்போச்சு. ஆனா, பொண்ணு பாக்க வந்தா நீங்க செத்த நேரங்கூட உக்கார மாட்டீக, பழைய வண்டின்னா உசுர விடுவீகன்னு தரகர் சொன்னாரே!"

போலி நட்டைப் பத்தடி தூரத்திலேயே கண்டுபிடிக்கும் பழனிக்குமார், அசடு வழிய, அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தான்.