மயிலைக்கு ஓர் உப்புப் பெட்டி

ஆசீர்வாதம் எழுந்து முகம் கழுவினான். ஜெபம் செய்தான். கூழ் குடித்தான். பிறகு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேய்ச்சல் மேட்டுக்குப் போனான். உப்பு, எலும்புச் சாம்பல், தவிடு மூன்றையும் பிசைந்த சட்டியோடு மனைவி ரோசம்மா பின்னால் வந்தாள்.

அவர்களுடைய மயிலைப் பசு சில நாளாகச் சுவரை நக்கிக்கொண்டிருந்தது. உடம்பில் உப்புச் சத்து குறைந்தால் அப்படிச் செய்யும் என்று அவன் படித்திருந்தான்.

"இன்னாங்க, மாட்டுக்குப் பந்தி வெக்கத்தான் காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்களா?"

"சிரி, சிரி. பெட்டில இருந்தா மழைக்குக் கரைஞ்சி ஓடாது. அதுவா வந்து நக்கிக்கும்."

"பெட்டி கெட்டியா கீதே. எங்க புடிச்சீங்க?"

"மைன்ஸ் யார்டுல சும்மா கெடந்திச்சி. கழுவிட்டேன்."

ரோசம்மா கலவையைக் கொட்டி மூலைவரை அழுத்தினாள். எந்தத் தீனியையும் தன் வாயில் போட்டுப் பார்க்காமல் அவள் மாட்டுக்கு வைத்ததில்லை. மூலையிலிருந்து ஒரு கை வழித்து வாயில் போட்டாள்.

தங்கச் சுரங்கத்தில் பொன்னைக் கரைக்கும் சயனைடு வந்திறங்கிய பெட்டி அது. மூலையில் ஒட்டியிருந்த வெள்ளைக் கட்டியைச் சுண்ணாம்பு என்று நினைத்து அவன் சுரண்டாமல் விட்டிருந்தான். மாடு மேடேறி வருவதற்குள் அவள் விழுந்துவிட்டாள்.

கடைசி மூச்சில் அவள் கர்த்தரை அழைத்ததாக அடக்கத்தின்போது பாதிரியார் சொன்னார். ஆசீர்வாதம் மறுக்கவில்லை. அவள் சொன்னது வேறு.

"கசக்குதுங்க. இத மாடு தொடாது. கொஞ்சம் வெல்லம் கொண்டாரட்டா?"