பின்சீட்டு இருந்த இடம்

சாந்தியாகோ நகரின் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் சாலையில் தூறல் விழுகிறது. என் புதிய சீன மோட்டார் சைக்கிளை வேன் நிறுத்தத்தருகே மெதுவாக்குகிறேன். வாங்கிய வாரமே பின்சீட்டைக் கழற்றிவிட்டு, அங்கே ஓர் இரும்புப் பெட்டியைப் பற்றவைத்தேன். மழைக்கோட்டு வைக்க என்று எல்லோரிடமும் சொன்னேன். வழியில் கை நீட்டுகிறவர்களை ஏற்றாமலிருக்க என்பது கடவுளுக்குத் தெரியும். பெட்டிமேல் அல்தகிராசியா மாதா படம்கூட ஒட்டியிருக்கிறேன். நிறுத்தத்திலிருந்து அனிபால் அண்ணன் கை நீட்டியபடி ஓடி வருகிறார். ஆறு வருடம் தன் பழைய வண்டியில் என்னை வேலைக்கு ஏற்றிப்போனவர். போன மாதம் அந்த வண்டி திருட்டுப்போயிற்று. வேன்கள் நிரம்பி வழிகின்றன. ஏழு மணிக்கு வாசலை மூடிவிடுவார்கள். இன்னொரு நாள் தாமதித்தால் அவருக்கு வேலை இல்லை. பழக்கத்தில் அவர் காலைத் தூக்குகிறார். கால் அந்தரத்தில் நிற்கிறது.

“என்னடா தம்பி, சவப்பெட்டியா கட்டி வச்சிருக்கே? நான் இன்னும் சாகலையே!” காத்திருப்பவர்கள் சிரிக்கிறார்கள். “மழைக்கோட்டு வைக்கத்தான் அண்ணே...” என்கிறேன். “அழகாத்தான் இருக்கு” என்று ஈரக் கையால் பெட்டியைத் தட்டுகிறார். பிறகு பையிலிருந்து பீன்ஸ் சோற்றுப் பாத்திரத்தை எடுத்து உள்ளே வைக்கிறார். “வேன் நெரிசல்ல கொட்டிடும். இதையாவது ஏத்திக்கோ. நீ கெளம்பு, நேரமாச்சு.” மூடியை மெல்லச் சாத்துகிறார். கண்ணாடியில் அவர் சிறிதாகிக்கொண்டே போகிறார். ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, அவருடைய சோறு தொழிற்சாலை வாசலைத் தாண்டி உள்ளே போகிறது.