மதுரை தாண்டியாச்சு

இருபத்திரண்டு வருஷமாக, தீபாவளிக்குத் தென்காசிக்காரர்களைச் சென்னையிலிருந்து ஏற்றிவந்த டிரைவர் பேச்சிமுத்து. விடிந்ததும் மனைவி முப்பிடாதி போன் போட்டு, "எங்க வந்துக்கிட்டிருக்கீய?" என்பாள். "மதுரை தாண்டியாச்சு" என்பான்.

2052 தீபாவளிக்கு ஒரு சீட்டுகூடப் பதிவாகவில்லை. கம்பெனிகளெல்லாம் தென்காசிக்கே வந்துவிட்டன. ஊர்க்காரர்களுக்கு உள்ளூரிலேயே வேலை.

"அப்ப என் பொழப்பு?" என்று பதறினான்.

"டவுன் பஸ்ஸுக்கு ஆள் பத்தல. தீபாவளி கழிச்சு வாரும்" என்றார் டெப்போ மேலாளர்.

தீபாவளி விடியலில் முன்னறையில் விளக்கேற்றிவிட்டு, பழக்க தோஷத்தில் புருஷனுக்குப் போன் போட்டாள் முப்பிடாதி. கொல்லைப்பக்கம் மணி அடித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தலை துவட்டியபடியே உள்ளே வந்துகொண்டிருந்தவன் போனை எடுத்தான்.

"அடுப்படி தாண்டியாச்சு புள்ள, இலையப் போடு."