கேசவனுக்கு வந்த சீக்கு

"இந்திக்காரனுங்க இன்னிக்கே மூட்டையைக் கட்டணும். பொம்பளை சீக்கை ஊருக்குள்ள கொண்டாந்துட்டானுங்க."

கோட்டைக்குப்பம் ஊர்த் தலைவர் தெய்வசிகாமணி சொன்னதும், பின்னால் நின்ற ஆண்கள் தலையாட்டினார்கள்.

படகு வேலைக்கு வந்த ஒடிசாக்காரர்கள் தங்கும் கொட்டகைக்குக் காலையில் நர்ஸ் இந்திராணி வந்து யாரையோ தேடினாள். எதற்கு என்று அவள் சொல்லவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் அவள் பார்ப்பது பால்வினை நோய்ப் பிரிவு. மிச்சத்தை ஊரே சொல்லிக்கொண்டது.

ஒடிசாக்காரர்களுக்குத் தமிழ் அரைகுறை. 'மூட்டை' மட்டும் நன்றாகப் புரிந்தது. நிரஞ்சன் என்பவன் துணிகளைப் பையில் திணிக்க ஆரம்பித்துவிட்டான்.

அவர்களுக்கு வேலை கொடுத்த படகுக்காரன் கேசவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

"தலைவரே, நர்ஸம்மா என்னைத் தேடித்தான் வந்தாங்க. சீக்கு எனக்கு."

"இன்னாபா சொல்றே?"

"போன மாசம் காக்கிநாடா பக்கம் தொழிலுக்குப் போனேன் இல்ல? மீன் கெடைக்கல. இதான் கெடைச்சுது."

அவ்வளவுதான். அவன் மனைவி தேவகி விளக்குமாற்றோடு வந்தாள்.

"யோவ், கட்டிக்கின நாள்லேர்ந்து உன் கவிச்சியைச் சகிச்சிக்கினு கெடக்கறேன். நீ ஊர் ஊரா போயி சீக்கு வாங்கியாறியா?"

முதுகில் விழுந்தது. தொடையில் விழுந்தது. கேசவன் வலைக் குவியலைச் சுற்றி ஓட, அவள் துரத்தினாள். வீடுகளிலிருந்து பெண்கள் ஓடி வந்து, நல்ல இடமாகப் பார்த்து நின்றுகொண்டார்கள். கூட்டத்துக்கு ஒடிசா மறந்தே போயிற்று.

"அங்க அடிக்காத தேவகி. அதுக்குத்தான் வைத்தியம் பாக்கணும்" என்றாள் மீன் விற்கும் குணசுந்தரி.

தெய்வசிகாமணிதான் விலக்கிவிட்டார். கேசவனைப் படகின் மறைவுக்குத் தள்ளிக்கொண்டு போய், குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்பா, அந்த ஊசி ரொம்ப வலிக்குமா?"

"உங்களுக்கு எதுக்கு தலைவரே?"

"சும்மா. ஒரு பொது அறிவுக்கு."

"கொஞ்சம் வலிக்கும். நர்ஸம்மா வெளிய மூச்சு விட மாட்டாங்க. தகிரியமா போங்க."

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கூட்டத்திடம் திரும்பினார். "யாரும் எங்கியும் போவ வேணாம். அல்லாரும் வேலையைப் பாருங்க."

வீட்டுக்குள் வந்ததும் தேவகி கதவைச் சாத்தினாள். தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி, புருஷன் முதுகில் தடவினாள்.

"மெதுவா தடவு. பேசி வெச்சது ரெண்டு அடிதானே?" என்று முனகினான் கேசவன்.

"ஊரு நம்ப வேணாமா? அந்த நிரஞ்சன் இன்னா பண்றான்?"

"மொத ஊசி போட்டாச்சு. வாரத்துக்கு ஒண்ணுன்னு இன்னும் ரெண்டு இருக்குது. தொரத்திவுட்டிருந்தா பாதியில நின்னு போயிருக்கும். சீக்கு தனக்குத்தான்னு என்னாண்ட சொல்றப்ப எப்படி அழுதான் தெரியுமா?"

"அப்ப அவனுக்கு ஊசி முடியற வரிக்கும் நான் உன்னை அடிச்சிக்கினே இருக்கணுமா?" என்று கேட்ட தேவகியின் குரலில் வருத்தமே இல்லை.