இடது கீழ் மூலை

"சீக்கிரம் சொல்லுடி, அப்பா மாடிப்படி ஏற ஆரம்பிச்சுட்டார்!"

ஒரு கையில் போன், மறு கையில் மவுஸ். அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது.

மறுமுனையில் மகளுக்கு எரிச்சல். அப்பாவின் கம்ப்யூட்டருக்குப் புது முகம் கொடுத்துவிட்டு, காலையில்தான் பெருமையாக ஆபீஸ் போயிருந்தாள். புதுப் படம், கொட்டை எழுத்து. ஐகான்கள் எல்லாம் குரூப் போட்டோவுக்கு நிற்பதுபோல் கீழே நட்டநடுவில்.

"அழகாத்தானேம்மா இருக்கு? எதுக்கு அந்தப் பழைய கண்றாவி?"

"உங்கப்பா லாரி ஓட்டினவர். ரூட்டை மாத்தினா வண்டியை எடுக்க மாட்டார். வழியைச் சொல்லு!"

மகள் சொல்லச் சொல்ல அம்மா அமுக்கினாள். ஐகான்கள் இடதுபக்கம் ஓடின. பாட்டு ஐகான் மட்டும் நடுவிலேயே முரண்டு பிடித்தது.

இழுத்தாள். வழுக்கியது. மறுபடி இழுத்தாள்.

மூலையில் போய் ஒட்டிக்கொண்டது.

கதவு திறந்தது. கைக்கு எட்டியதையெல்லாம் அமுக்கிவிட்டு எழுந்து நின்றாள்.

அவர் சுவரோரமாக நடந்துவந்து, நாற்காலியின் முதுகைப் பிடித்து உட்கார்ந்தார்.

வீடு திரும்பியதும் மனைவிக்குப் பிடித்த பாட்டைத் தன் கையால் போட வேண்டும் அவருக்கு. கல்யாணமான புதிதில் லாரி கேபினில் ஆரம்பித்த வழக்கம். லாரி போய்விட்டது. பாட்டு மட்டும் ஒருநாளும் நின்றதில்லை.

இன்று நின்றுவிட்டால் அவர் முகத்தை அவள் எப்படிப் பார்ப்பது?

கியர் போடுவதுபோல் மவுஸை இடது கீழ்ப்பக்கம், போகிற மட்டும் தள்ளினார். ஒரு தட்டு.

பாட்டு வந்தது. அவளுக்கு மூச்சும் வந்தது.

"உன் பொண்ணு எல்லாத்தையும் மாத்தப் போறேன்னு மிரட்டினாளே?"

"நான் தொட விட்டாத்தானே!"

"அதானே! பாரு, எல்லாம் அதது இடத்துல பளிச்சுன்னு இருக்கு."

அவள் அப்போதுதான் பார்த்தாள். அவசரத்தில் மானிட்டரை அணைத்துத் தொலைத்திருந்தாள். கன்னங்கரேலென்ற கண்ணாடியில் அவர்கள் இருவரின் முகங்கள் மட்டும்.

அவருடைய பார்வை போய்விட்டது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பதுதான் அவருக்குத் தெரியாது.

"ஆமாங்க. பளிச்சுன்னு இருக்கு."

மானிட்டர் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினாள். அமுக்கினால் 'டிக்'கென்று கேட்குமே.

நீட்டிய கையை அப்படியே அவர் தோளில் வைத்துக்கொண்டாள்.